மீதித் தண்ணீர்

தம்புள்ளையில் மூட்டை தூக்கி அலுத்து, மாத்தளையில் ஒரு வார்டில் நோயாளிக்குத் துணையிருக்கும் வேலைக்குப் போனேன். கராம்பு மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த செபஸ்தியான் அண்ணனால் அசைய முடியாது. மூத்திரப் போத்தல் பிடிக்க எனக்கு அருவருப்பு. அதனால் அவர் கேட்டாலும் ஒரு மிடறு தண்ணீர்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் நர்ஸ் மிஸ்ஸி போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

“தேத்தண்ணி மாதிரி இருக்கே! இப்படியே போனா கிட்னி போயிரும். இவருக்குத் தண்ணி குடுக்கிறீங்களா, இல்லையா?”

நான் வாய் திறக்குமுன் அண்ணன் சொன்னார்: “தம்பி குடுக்கிறாரு மிஸ்ஸி. நான்தான் குடிக்கிறதில்ல.”

மிஸ்ஸி போனதும் கோப்பை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, அவர் தலையைத் தாங்கிப் பிடித்தேன். வெடித்த உதட்டோடு பாதி குடித்துவிட்டு நிறுத்தினார்.

“போதும் தம்பி. பொறவு நீங்கதானே போத்தல் புடிக்கணும்.”

எத்தனையோ முதலாளிகள் என்னை ஏசியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உறைத்ததில்லை. மீதியையும் குடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன், அவர் முகத்தைப் பார்க்காமலே.