ஸ்டேபல் வேறு, பெட்டர் வேறு

அன்று அப்பாவின் கட்டிலருகே இருந்தவர்கள் நான்கு பேர்தான்: நான், தம்பி, தோ பாயோவில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த அக்கா, இளவயதுச் சீன டாக்டர். அப்பா கண் திறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. சிராங்கூன் ரோட்டு மாவு மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தொடக்கப்பள்ளியோடு நின்றுவிட்ட எனக்கு டாக்டரின் இங்கிலீஷ் காதில் விழும், மனதில் ஒட்டாது. கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த அக்கா, வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். ஞாயிறு என்றால் சர்ச்சில் பூசை முடிந்து. திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் வைத்து அவரைத் துளைத்தெடுப்பேன். டாக்டர் சொன்ன சொல்லை அக்கா ஒருநாளும் முழுசாக விழுங்கக் கொடுத்ததில்லை. பக்கத்துச் சொல்லோடு வைத்துப் பிரித்துக் காட்டுவார். "சீரியஸ்னா நீ பயப்படணும். கிரிட்டிக்கல்னா சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பணும்." ஸ்டேபல் என்று டாக்டர் சொன்ன நாளில் நான் துள்ளியபோது, "பெட்டர்னா நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை. ஸ்டேபல்னா நேத்து மாதிரியேதான். நீயா ஏத்திக்காத லா" என்றார். என் முகத்தைப் பார்த்தால் டாக்டருக்கே காய்ச்சல் வந்துவிடும் என்றும் கேலி செய்வார். அந்தக் கேலியில்தான் எனக்கு அன்றைய சோறு இறங்கும்.

அன்று டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னது, 'கம்ஃபர்டபல்'. எனக்குப் புதுச் சொல். பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்.

"நிம்மதியா இருக்காராம்."

"அப்படின்னா பெட்டரா, ஸ்டேபலா?"

அக்கா கைப்பையில் சில்லறை தேடினார். எங்கள் பஸ் வந்தது, கை காட்டாமல் விட்டார். அப்போதும் தேடிக்கொண்டே இருந்தார். அவர் பிரித்துச் சொல்லாத முதல் சொல் அது. எனக்குப் புரிந்துவிட்டது. "நான் திரும்பப் போறேன்க்கா" என்றேன். அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். பார்வை நேரம் முடிந்திருந்தும் நர்ஸ் என்னைத் தடுக்கவில்லை. மறுநாள் காலை அப்பா போனபோது அவர் கை என் கைக்குள் இருந்தது.

அந்தக் கட்டிலருகே நின்றவர்களில் இன்று தம்பி ஆஸ்திரேலியாவில். டாக்டர் எங்கே என்று தெரியாது. அக்கா பிடோக்கில் மகளோடு இருக்கிறார். ஃபோனை எடுக்கச் சற்றுத் தாமதமானாலே மகளின் நம்பருக்கு அடித்துவிடுவேன். எப்படி இருக்கீங்க, உண்மையைச் சொல்லுங்க என்று நேற்றும் கேட்டேன்.

"ஸ்டேபல். நீயா இறக்கிக்காத லா."