விரியன் அறுத்த எண்ணெய்ச் சுவர்

நண்டு என்றுதான் நினைத்தேன்.

சம்பா நட்டு வேர் பிடித்திருந்த நேரம். குடவாசலுக்குப் பக்கம் எங்கள் வயல். காலையில் போய்ப் பார்த்தபோது, வரப்பில் இருந்த நண்டு வளை வழியாக எங்கள் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சேற்றை அள்ளி வளையில் போட்டுக் குதிகாலால் மிதித்தேன். சுருக்கென்றது. வளையை மிதித்தால் நண்டு கவ்வும்தான். அதைத் திட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சேறு வைத்து அடைத்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் கணுக்கால் வீங்கிவிட்டது. என் மனைவி செசிலி சேற்றைக் கழுவிப் பார்த்தாள்.

"எந்த ஊரு நண்டுங்க இது, பாம்பு மாதிரி ரெண்டு பல்லு வச்சிருக்கு?"

விஷம் ஏறாமலிருக்கக் கடிவாய்க்கு மேல் கயிறு கட்ட வந்தவர்களை, அது கெடுதல் என்று அவள் கிட்டே விடவில்லை. குடவாசலில் ஊசி போட்டு, ஆம்புலன்சில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே என் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசையாமல் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சாய்த்தால் உறைந்து நிற்க வேண்டுமாம். என்னுடையது தண்ணீராக ஓடியது. கண்ணாடி விரியன் என்றார்கள். விஷமுறிவு மருந்து (விஷத்தைப் பிடித்து அடக்கும் மருந்து) ஏற்றினார்கள். மறுநாள் ரத்தம் உறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். சிறுநீர் கடுங்காபி நிறத்தில் கொஞ்சம் வந்து, பிறகு நின்றுவிட்டது. சிஸ்டர்கள் எல்லோரும் என் மகள் வயதுப் பெண்கள். "யூரின் போச்சா?" என்று கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டிவைத்தேன்.

செசிலிதான் கண்டுபிடித்தாள். "இந்த மனுசன் சும்மா தலைய ஆட்டுறாரும்மா. நேத்துலேருந்து ஒண்ணுக்கே போகல!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்று அவள் கத்தியிருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். உங்கள் வீட்டில் யாராவது அந்தக் கட்டிலில் இருந்தால், கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

டயாலிசிஸ் (சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்வது) தொடங்கினார்கள்.

"அதான் மருந்து ஏத்திட்டீங்களே, டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அண்ணா, உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைங்க. செல்லுன்னு பேரு. ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு சுவர் இருக்கு. அது கொழுப்பாலதான் ஆனது."

"இவருக்குக் கொழுப்பு உண்டுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் செசிலி. டாக்டர் சிரித்துவிட்டார்.

பாஸ்போலிப்பிட் (ஒரு தலையும் இரண்டு வாலும் உள்ள கொழுப்புத் துணுக்கு) என்று பெயர் சொன்னார். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. அதனால் அவை இரண்டு வரிசையாக நிற்கின்றன. தலைகள் உள்ளேயும் வெளியேயும் இருக்கும் தண்ணீரைப் பார்த்திருக்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும். அதுதான் சுவர். விரியன் விஷத்தில் உள்ள ஒரு பொருள் ஒரு வாலை அறுத்துவிடுமாம். வால் போனது ஒழுங்காக வரிசையில் நிற்காது. சுவர் ஒழுகும். தசையிலும் ரத்தத்திலும் இருந்த செல்கள் அப்படி ஒழுகி, அந்தக் கசடு என் சிறுநீரகத்தை அடைத்திருந்தது.

"வரப்புல வளை விழுந்த மாதிரியா?"

"அதேதான். மருந்து விஷத்தத்தான் பிடிக்கும். உடைஞ்ச வரப்ப அடைக்காது."

"அப்ப யாரு அடைப்பா?"

"உங்க உடம்புதான். பெரும்பாலும் அடைச்சிரும். உறுதியா சொல்ல மாட்டேன்."

அடைக்காவிட்டால் ஆயுசுக்கும் இயந்திரம்தான்.

இந்தச் சுவர் மண் போல இறுகி நிற்பதில்லை, எண்ணெய் போல அசைந்துகொண்டே இருப்பதால் சின்ன ஓட்டை மூடிக்கொள்ளும், செத்த செல்லின் இடத்துக்குப் பக்கத்துச் செல் பிரிந்து புதிது வரும் என்றும் சொன்னார். அன்று செசிலி தனக்கு வாங்கி வந்த ரசத்தில் எண்ணெய்த் துளிகள் மிதந்தன. அவள் கரண்டியால் பிரித்த துளிகள் தொட்டவுடன் ஒன்றாயின. சிறுநீர் வராததால் எனக்குத் தண்ணீரே அளந்துதான், ரசம் கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தினமும் காலையில் "போச்சா?" என்பாள். இல்லை என்பேன். இயந்திரத்துக்குப் போய் வருவேன். பிறகு ஒரு காலை, பாட்டிலில் வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. செசிலி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். எதிர்க் கட்டில்காரர் கை தட்டினார்.

கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரம் தேவைப்படாமல் போய், வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த சிஸ்டர்களுக்கும் ஆம்புலன்ஸ் தம்பிக்கும் டாக்டரம்மாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் தோல்தான் என் எல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது சும்மா படுத்திருக்கும்போதும், உள்ளே எங்கேயோ வரப்பு அடைபடுவதாகவே தோன்றுகிறது. நான் சொல்லாமலே, நான் பார்க்காமலே.

வளையை இப்போது மண்வெட்டியால்தான் அடைக்கிறேன், காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இன்றும் காலையில் நான் கொல்லைப் பக்கம் போய்த் திரும்பினால், அடுப்படியிலிருந்து செசிலியின் குரல் வரும்: "போச்சா?"

"போச்சு!" என்பேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி.