கோழிக்குப் பைத்தியம் தெளிந்த கதை

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடி இரண்டு மாதமும் அந்த வீடு சொந்தமில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்று காதில் பட்டதும் எங்கெங்கோ இருக்கிற சொந்தபந்தத்துக்கெல்லாம் நம்மேல் பாசம் பொங்கிவிடும். முதலில் கடிதாசி வரும். எல்லாரும் சௌக்கியமா என்று ஒரு வரி, தண்ணீர் நன்றாக விழுகிறதா என்று நாலு வரி. அடுத்த வாரம் ஆட்களே ரயிலில் வந்து இறங்குவார்கள். அப்பா அப்போது ரயிலடியில் பார்சல் குமாஸ்தா. வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிறவரும் அவர்தான். பாவம், ஓடி ஒளியக்கூட வழி கிடையாது.

அந்த இரண்டு மாதமும் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். வருகிறவர்கள் அருவியில் குளித்தால் பசிக்குமே. அந்தப் பசியைச் சாதாரணப் பசி என்று சொல்லக்கூடாது. இட்லிக் கொப்பரையை இறக்க இறக்கக் காலியாகும். மூன்று மைலில் அருவி விழுகிறது, உலகமே வந்து குளித்துவிட்டுப் போகிறது, அம்மா மட்டும் கிணற்றடியில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு உள்ளே ஓடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரே ஒரு தடவை அருவியில் நின்றிருக்கிறாளாம். "எல்லாரும் கெளம்பட்டும்ட்டி. நாம ரெண்டு பேரும் ஒருநா போயி ஆசை தீரக் குளிச்சிட்டு வருவோம்" என்று வருஷா வருஷம் என்னிடம் சொல்வாள். எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் தண்ணீரும் கிளம்பிப் போயிருக்கும். வெறும் பாறையைப் பார்க்க யார் போவது.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் புறவாசலில் ஒரு செவலைக் கோழி இருந்தது. கோழி என்று பெயர்தானே ஒழிய, குணமெல்லாம் வேறு. புது ஆள் வாசனை பட்டால் போதும், கழுத்துச் சிறகு சிலிர்த்துக்கொண்டு தலையைத் தாழ்த்திப் பாய்ந்து வந்து கெண்டைக்காலில் ஒரு கொத்து. திரும்பினால் இன்னொரு கொத்து. அம்மாவை மட்டும் ஒன்றும் செய்யாது. என்னைப் பார்த்தால் ஒரு முறைப்பு முறைத்துவிட்டு விட்டுவிடும். எங்கள் வீட்டுக் கக்கூஸோ புறவாசலின் அந்தக் கடைசியில், முருங்கை மரத்தை ஒட்டி. விருந்தாளி எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் காலையில் செம்பைத் தூக்கிக்கொண்டு செவலையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அப்பா அதை அறுத்துவிடலாம் என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். அம்மா ஒருநாள் அது முட்டையிடுகிற கோழி என்பாள், ஒருநாள் வெள்ளிக்கிழமை என்பாள், ஒருநாள் சாமிக்கு நேர்ந்துவிட்டிருக்கிறேன் என்பாள். எந்தச் சாமிக்கு என்று கேட்டால் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடிவிடுவாள். மற்ற மாதங்களில் அதைப் பஞ்சாரத்தில் போட்டு மூடி மேலே ஒரு கல்லும் வைப்பாள். சாரல் மாதத்தில் மட்டும் பகலெல்லாம் திறந்துவிட்டுவிடுவாள். "பாவம், அதுவும் காலாற நடக்கட்டும்" என்பாள். அம்மாவுக்கு அந்தக் கோழிமேல் உயிர் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் விருதுநகர் பெரியப்பா வந்தார். பெரியம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு தூக்குவாளி நிறைய சேவு. மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தவர். ஊரில் அவர் கடைத்தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்களாம். எங்கள் புறவாசலில் செவலை எழுந்து நின்றது. மூன்றாம் நாள் காலை, கக்கூஸுக்குள் போனவர் வெளியே வரமுடியவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்தால் அது எதிரே நிற்கிறது. மறுபடி சாத்திக்கொள்கிறார். மண்டியில் ஏலம் கூறுகிற குரலில் அங்கிருந்தபடியே அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா துடைப்பத்தோடு ஓடிப் போய் அண்ணனை மீட்டு வந்தார்.

"ஏலே, நீ கோழி வளக்கியா, நாய் வளக்கியா? இது இருக்குத வீட்டுல மனுஷன் தங்குவானா?" என்று பெரியப்பா காலைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு கொஞ்சம் சமாதானமாகி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் குழம்பு வைத்துவிட்டால் தனக்குக் கோபமில்லை என்றார். அண்ணன் வாக்கைத் தட்டுகிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை. சரி என்று சொல்லிவிட்டார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். "இந்தக் கோழியும் போச்சின்னா எனக்கு வேற எது இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் உரிக்கவில்லை, அடுப்பில் புகையும் இல்லை. அம்மாவின் செல்லக் கோழியை எப்படியாவது காப்பாற்றிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வழி எனக்குத் தெரிந்திருந்தது. புத்தி பேதலித்தவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து அருவியில் நிறுத்துவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தலையில் நல்லெண்ணெய் வைத்து, ஒரு மண்டலம் விடாமல் தண்ணீர் விழுந்தால் தெளிந்துவிடும் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். செவலைக்கும் பைத்தியம்தான், வேறென்ன. மனுஷத் தலைக்கு நாற்பத்தெட்டு நாள் என்றால் கோழித் தலைக்கு ஒரு நாள் தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதுமே கெட்டி.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால், பஞ்சாரத்துக்குள் தூக்கக் கலக்கத்தில் இருந்த செவலையைப் பழைய சேலைத்துணியால் சுற்றி, காலைக் கட்டி, மாற்றுத்துணிகள் வைத்த ஓலைப்பெட்டிக்குள் இறக்கி மூடினேன். பெரியப்பா குடும்பத்தோடு அருவிக்குக் கிளம்பிய குதிரைவண்டியில் பெட்டியை நான்தான் மடியில் வைத்துக்கொள்வேன் என்று அடம் பிடித்தேன். பொறுப்பான பிள்ளை என்று பெரியம்மா மெச்சினாள். வழியில் இரண்டு தரம் பெட்டி முனகியது. நான் உடனே இருமினேன். சாரல் காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரியம்மா தன் முந்தானையால் என் தலையைப் போர்த்தினாள்.

பேரருவியில் பெண்கள் பக்கம், பாறையோரத்தில் தண்ணீர் மெல்லிசாக வழிகிற ஓர் இடம் உண்டு. பெரியம்மா பிள்ளைகளோடு அருவிக்குள் நுழைந்ததும் நான் பெட்டியைத் திறந்தேன். உச்சியில் எண்ணெய் வைத்தேன். எண்ணெய் வைக்காமல் நின்றால் ஜன்னி வரும் என்பதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த ஓர் ஆச்சி எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி செய்யுதே? கறிக்குக் கழுவுதியா?"

"இல்ல ஆச்சி, பைத்தியம் தெளிய."

அந்த ஆச்சி சிரிப்புத் தாங்காமல் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சிரிக்காமல் முருகா முருகா என்று நூறு எண்ணி முடிக்கும்வரை செவலையைத் தண்ணீரில் பிடித்தேன். முதலில் உதறியது. அப்புறம் கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது. வெளியே எடுத்தால் கோழி பாதியாகச் சுருங்கியிருந்தது. கைக்குக் கிடைத்த துணியால் துவட்டினேன். அது பெரியப்பாவின் சலவை வேட்டி.

அதற்குள் பெண்கள் கூட்டம் கூடி, பெரியம்மா வந்து, பெரியப்பா காதுக்கும் செய்தி போய்விட்டது. ஈர வேட்டியோடு நின்று என்னிடம் முழுவதையும் கேட்டார். நாற்பத்தெட்டு நாள் கணக்கையும் சொன்னேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். வண்டியில் ஏறியும் சிரிப்பு நிற்கவில்லை. வண்டிக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இப்படிப் புத்தியுள்ள பிள்ளை வைத்தியம் பார்த்த கோழியைத் தின்றால் பாவம் என்று குழம்பையும் ரத்து செய்துவிட்டார்.

அம்மா அடுப்போரத்தில் சாக்கு விரித்து அதைப் போட்டு, மிளகை நசுக்கிப் புகட்டினாள். இரண்டு நாளில் செவலை எழுந்துவிட்டது. எழுந்தது வேறு கோழி. பெரியப்பா போனால் ஒதுங்கி நின்றது. அவர் சோற்றுப் பருக்கை போட்டால் பின்னாலேயே போனது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "இனிமே என்ன, நம்ம வீடுதானே" என்று ஆடி முடியும்வரை இருந்தார். ஊருக்குக் கடிதாசி போட்டு, கோழியைப் பார்க்கவென்று பெரியம்மாவின் தம்பி குடும்பத்தையும் வரவழைத்தார். அம்மா ஆட்டுரலில் உட்கார்ந்து மாவு தள்ளிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருஷமும் நாங்கள் இரண்டு பேரும் அருவிக்குப் போகவில்லை.

அடுத்த வருஷம் வைகாசி கடைசியில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சுரண்டைச் சந்தைக்குப் போனாள். கோழி வாங்க. செவலை அதற்குள் அப்பா மடியில் ஏறி உட்காருகிற அளவுக்குத் தேறியிருந்தது. அம்மா ஒவ்வொரு கூடையாகக் குனிந்து உள்ளே கையைவிட்டுப் பார்த்தாள். சும்மா இருந்த கோழிகளை எல்லாம் வேண்டாம் என்று தள்ளினாள். கடைசிக் கூடையில் ஒரு கருப்பு. புறங்கையில் ரத்தம் வரக் கொத்தியது.

"அது பொல்லாதது தாயி, வேற பாருங்க" என்றார் வியாபாரி.

"இதையே கட்டுங்க அண்ணாச்சி" என்றாள் அம்மா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது கொத்துதும்மா என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். பஸ்ஸில் அம்மா அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்து, இந்தக் கோழியை அருவிப் பக்கம் கொண்டுபோக மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். கோழிக்குச் சளி பிடித்துவிடும் என்ற கவலை போல என்று சத்தியம் செய்தேன்.

அந்த ஆனியில் பெரியப்பா நாலாம் நாளே மூட்டை கட்டிவிட்டார், மண்டியில் அவசர வேலையாம். ஐந்தாம் நாள் அம்மா விடியற்காலையில் என்னை எழுப்பி, உச்சியில் எண்ணெய் வைத்து, முதல் பஸ்ஸில் கூட்டிப்போனாள். பேரருவி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா நேராக நடுவில் போய் நின்றாள். தலைமயிர் அவிழ்ந்து முகத்தை மூட, அதற்குள்ளிருந்து சத்தமாகச் சிரித்தாள். வீட்டில் ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. இழுத்து என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

தண்ணீர் ரொம்பக் குளிர்ந்து கூசுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.