லெட்சுமியை அறிமுகப்படுத்தியது யார்?

கடன் கொடுக்கிற கம்பெனியில் விசாரணை கிளார்க் என்றால் வேறொன்றுமில்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர்வம்பு கேட்பதுதான். எண்பதுகளில் ஜோர்ஜ்டவுனில் அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கார், வேன், மோட்டார் சைக்கிள் வாங்கக் கடன் கேட்டு ஆட்கள் வருவார்கள். விண்ணப்பப் பாரத்தில் அவர்கள் எழுதியதெல்லாம் உண்மையா என்று நாலு பேருக்கு டெலிபோன் போட்டு நான் கேட்க வேண்டும். என்னைப் போல டெலிபோனும் கையுமாக வாழ்ந்து, யாரிடம் எதைச் சொல்லித் தொலைத்தோம் என்று தலையைப் பிடித்துக்கொண்டவர்கள் உங்களில் எத்தனை பேரோ! உங்களுக்குத்தான் இது.

நம்பர் யாருடையது?

அப்போது எல்லார் வீட்டிலுமா டெலிபோன் இருந்தது? பக்கத்துக் கடை நம்பரைத்தான் எழுதுவார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கடன் கேட்ட ஒருவர் எழுதிய நம்பருக்குப் போட்டேன். கம்பெனி பெயரைச் சொல்லி, அவர் அங்கேதான் குடியிருக்கிறாரா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று முறைப்படி விசாரித்தேன். எடுத்தது முடிதிருத்தும் கடை என்று எனக்கென்ன தெரியும்? கடைக்காரர் என் கேள்விகளைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, அங்கே முடிவெட்ட உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

ஒரே வாரத்தில் அவர் வீட்டு வாசலில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு, தவணைக்கு அலமாரி விற்பவர், சீட்டுப் பிடிக்கும் அம்மா என்று வரிசை கட்டிவிட்டார்கள். மனிதர் நேராக என் மேசைக்கே வந்துவிட்டார். "கடன்தானே மிஸ் கேட்டேன்? தம்பட்டம் அடிக்கச் சொல்லலியே லா!"

லெட்சுமியின் நிபந்தனை

லெட்சுமி கடலுக்கு அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து ஃபெரி ஏறி வந்தாள். முப்பது வயது, எலக்ட்ரோனிக் ஃபேக்டரியில் வேலை. ஷிப்டு மாறி மாறி அலுத்துப்போய், பழைய வேன் ஒன்று வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தாள். லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது. ஜுரு என்கிற ஊரில் பழைய வண்டி விற்பவரிடம் வேன் பார்த்து முன்பணமும் கட்டியாகிவிட்டது. எல்லாம் அண்ணன் பெருமாளுக்குத் தெரியாமல்! அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். கல்யாணமாகாத பெண் ஃபேக்டரி பஸ்ஸில் போய் ஃபேக்டரி பஸ்ஸில் திரும்பினால் போதும் என்பது அவர் கட்சி. முன்கூட்டியே தெரிந்தால் வேனும் போச்சு, முன்பணமும் போச்சு.

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு போர்டு தொங்கும். கடனுக்கு ஆளை அனுப்பி வைத்தால், அறிமுகம் செய்தவருக்கு ஐம்பது வெள்ளி பணம் கிடைக்கும். பாரத்திலும் அதற்கு ஒரு கட்டம் உண்டு. யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லல மிஸ், நானேதான் வந்தேன், அந்தக் கட்டத்துல கோடு போடுங்க. வேன் காடி வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் எங்கண்ணன் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது!"

பெயர் சொல்லாத டெலிபோன்

அவள் எழுதியிருந்தது மாணிக்கம் மளிகைக்கடை நம்பர். முடிதிருத்தும் கடையில் பட்டது போதாதா? இந்த முறை கம்பெனி பெயரையே எடுக்கவில்லை. ரொம்பச் சாமர்த்தியமாக, தெரிந்தவர்கள் விசாரிக்கச் சொன்னார்கள் என்று ஆரம்பித்தேன். லெட்சுமிக்குச் சம்பளம் எவ்வளவு, எத்தனை வருஷமாக அதே வேலை, குணம் எப்படி, வீட்டில் யார் யார், கடன் கிடன் உண்டா?

மாணிக்கம் அள்ளி விட்டார். தங்கமான பெண்ணாம். வருஷா வருஷம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறாளாம். அவள் வைக்கிற மீன் குழம்புக்குத் தெருவே மயங்குமாம். வேன் ஓட்ட மீன் குழம்பு எதற்கு? ஒன்றும் புரியாமலே குறித்துக்கொண்டேன். வேறு ஏதாவது நினைவு வந்தால் கூப்பிடுங்கள் என்று ஆபீஸ் நம்பரையும் கொடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதெல்லாம் இருக்கட்டும்மா, பையனுக்குக் கவர்மெண்டு வேலையா?"

ஜுருவிலிருந்து ஒருவர்

எந்தப் பையன், எதற்குப் பையன் என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, ஜுருவில் லெட்சுமிக்கு வேன் விற்றவர் கூப்பிட்டார். அறிமுகப் பணம் ஐம்பது வெள்ளி தனக்கு வர வேண்டுமாம். அவள் உங்கள் பெயரைச் சொல்லவே இல்லையே ஐயா என்றேன். "சொல்லாட்டி என்ன மிஸ்? அவங்களுக்கு வேனைக் காட்டினது நான், அந்த வேன்தானே உங்க ஆபீசுக்கு வழி காட்டுச்சு!"

வாழைப்பழச் சீப்பு

மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். லெட்சுமியின் அண்ணன் பெருமாள் என்றார். கூட வந்தவர் மளிகைக்கடை மாணிக்கம். நான் கொடுத்த நம்பருக்குப் போட்டு விலாசம் வாங்கியிருக்கிறார்கள். "தங்கச்சியப் பத்திக் கேட்டிருந்தீங்களாம். மாப்பிள்ளை இங்கதான் வேலை செய்யுறாரா?" என்றார் பெருமாள், பணிவாக. ஐயோ! அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

விஷயம் தெரிந்து அடுத்த ஃபெரி பிடித்து ஓடி வந்த லெட்சுமி, ஃபேக்டரி யூனிஃபார்மோடு வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். "மாப்பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. நான் வேன் வாங்கப் போறேன்."

பெருமாள் வாழைப்பழத்தை மேசைமேல் வைத்த வேகத்தில் இரண்டு பழம் பிய்ந்து உருண்டன. வேன் கதை முடிந்தது என்றே நினைத்தேன், பாவம் அந்தப் பெண். அந்த நேரம் பார்த்து, சுவர்ப் போர்டைப் படித்து முடித்திருந்த மாணிக்கம் வாயைத் திறந்தார். "மிஸ், அப்போ அந்த அம்பது வெள்ளி எனக்குத்தானே? பொண்ணப் பத்தி எடுத்துச் சொன்னது நான்லா!" நான் பதறிப்போய், ஜுருக்காரர் ஒருவரும் கேட்கிறார் என்று உளறி வைத்தேன்.

பெருமாளின் கோபம் அப்படியே மாணிக்கத்தின் பக்கம் திரும்பியது. "என் தங்கச்சிய அறிமுகப்படுத்த இவனுங்க யாரு? அப்பா செத்ததுல இருந்து வளர்த்தவன் நான். கொண்டாங்க அந்தப் பாரத்த!" கோடு போட்டிருந்த கட்டத்தில், கோட்டின் மேலேயே தன் பெயரை அழுத்தி எழுதிக் கையெழுத்தும் போட்டார். போட்ட பிறகுதான் எதற்குப் போட்டோம் என்று விழித்தார். மாணிக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது போட்ட கையெழுத்தை இல்லை என்று சொல்லவா முடியும்?

கடன் பாஸானது. பெருமாள் ஐம்பது வெள்ளியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கூட வந்த லெட்சுமி என் காதருகே குனிந்தாள். "இத்தனை மாசமா பயந்து செத்தேனே மிஸ், இந்த அம்பது வெள்ளிய முதல்லயே நானே அவர் கையில கொடுத்திருக்கலாம் போல!"

கடைசி வரை விஷயம் தெரியவே கூடாத ஆள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அந்த ஆபீசில், வாடிக்கையாளர் ரகசியம் வெளியே போகாமல் விசாரிக்கத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள்.