குழாய்க்குள் வளர்ந்த கல்

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் பெரியப்பா நாமக்கல் பக்கம் போய் வீடு, தோட்டம், கோழிப்பண்ணை எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக் குழாயில் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து வாயில் ஊற்றிப் பார்ப்பார்கள். அன்றைக்குப் பெரியப்பா சொம்பைத் தேடுவதற்குள் மோரைக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் இரண்டு டம்ளர். மோரில் உப்பு அளவாக இருந்தது என்று எங்களிடம் வந்து பாராட்டினார். அந்த உப்பை யாரும் போடவில்லை, அது தண்ணீரிலேயே இருந்தது என்பது கல்யாணமாகிப் போன மறுநாள் எனக்குத் தெரிந்தது.

நான் பனமரத்துப்பட்டி பக்கம் பிறந்தவள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு பட்டாலே நுரைக்கும். இங்கே தேய்க்கத் தேய்க்க வெள்ளையாக ஒரு பிசுக்குதான் வந்தது. குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டே கிடந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. எவர்சில்வர் குடத்தைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்தவுடன் சுண்ணாம்பு அடித்தமாதிரி ஆகிவிடும். குடிக்கக் கேன் தண்ணீர் வந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வரும் போர் தண்ணீர்தான். முதல் ஒரு வருஷம் நான் வீட்டில் யாரையும் சும்மா விடவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "மோர் குடுத்தது எங்கம்மா, என்னையெதுக்கு வையற?" என்று நழுவிவிடுவார்.

ஆனால் வைதுகொண்டே அந்தத் தண்ணீரைப் பார்த்து வாயடைத்தும் போயிருக்கிறேன். மோட்டார் போட்டவுடன் வெதுவெதுப்பாக வரும். கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் ஒரு தூசு இருக்காது. அதே தண்ணீரை ஒரு மாதம் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் விரல் நகம் தடிமனுக்குக் கல் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பாறையே கரைந்து மேலே வந்து, என் சமையல்கட்டில் மறுபடி பாறையாகிறது. யார் கேட்டு இதைச் செய்கிறது என்று கரண்டியை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இந்தக் கல்லுக்கு இங்கே எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். எலுமிச்சை உப்பைக் கரைத்துப் பாலித்தீன் பையில் ஊற்றி, குழாயின் வாய் முழுகும்படி ராத்திரி கட்டிவிடுவது. காலையில் அவிழ்த்தால் குழாய் புதுசாக இருக்கும். நான் அதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கவிழ்த்தது.

போன சித்திரையில் என் வீட்டுக்காரர் ஒரு புதுவீட்டுப் புண்ணியார்ச்சனைக்காக வாழப்பாடி போயிருந்தார். எங்கள் பண்ணையில் இரண்டு கொட்டகை. பெரிய கொட்டகையில் ஐயாயிரம் கோழி, நல்ல முட்டைப் பருவம். கூண்டு வரிசைகளுக்கு மேல் நீளமாகக் குழாய் போகும். அதில் சாண் சாணுக்கு ஒரு நிப்பிள். கோழி அலகால் முட்டினால் ஒரு சொட்டு விழும். அந்த நிப்பிள்களில் தண்ணீர் மெலிந்துவிட்டது என்று பத்து நாளாகப் பேச்சு. ஆள் வரவேண்டும், மருந்து வரவேண்டும் என்று அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு குழாயைச் சுத்தம் பண்ண இத்தனை யோசனையா என்று எனக்கு எரிச்சல். ராத்திரி விளக்கை அணைத்தவுடன், கோழிகள் அடங்கிய பிறகு, எலுமிச்சை உப்பைக் கரைத்து டேங்கில் ஊற்றிக் குழாய்களுக்குள் இறக்கினேன். விடியற்காலையில் டேங்கைக் கழுவி நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டேன். முன்னால் இருந்த நாலு நிப்பிளைத் தட்டிப் பார்த்தேன். சொட்டு பளிச்சென்று விழுந்தது. அவர் வரட்டும், காட்டுகிறேன் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

உச்சி வெயிலில் பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா ஓடி வந்தார். காலையிலிருந்து சின்னக் கொட்டகையில் இருந்தவர், அப்போதுதான் பெரிய கொட்டகைக்குள் போயிருக்கிறார்.

"அம்மிணி, கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குதுங். ஒரு சத்தமில்லீங்."

ஐயாயிரம் கோழி இருக்கும் இடத்தில் சத்தம் இல்லையென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். செருப்புப் போடாமல் ஓடினேன். றெக்கையை விரித்து, கழுத்தை நீட்டி, வரிசை வரிசையாக மூச்சு இளைத்துக்கொண்டு நின்றன. சிலது சாய்ந்துவிட்டன. நிப்பிளை விரலால் முட்டினேன். ஒன்றும் வரவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிவரை ஓடினேன், முன்னால் இருந்த நாலைத் தவிர ஒன்றில்கூட ஒரு சொட்டு இல்லை.

அக்கா குழாயின் கடைசி மூடியைத் திருகினார். அது வரவில்லை. அரிவாளால் குழாயையே வெட்டினார். உள்ளே இருந்து செதில் செதிலாகக் கல் கொட்டியது. வெட்டின துண்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் நுழையும் குழாயில் பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம். சுற்றிலும் வளையம் வளையமாகக் கல், பழுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி. எத்தனை கோடை, எத்தனை மழைக்காலம் அதில் படிந்திருந்ததோ. அந்த நேரத்திலும் அதன் அழகு என்னைப் பிடித்து நிறுத்தியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நின்றேன். நான் ஊற்றின புளிப்பு அந்தக் கல்லைக் கரைக்கவில்லை, பெயர்த்துவிட்டது. கடைசி மூடியைத் திறந்துவைத்து அதையெல்லாம் வெளியேற்றாமல் நான் தண்ணீரை விட்டதால், பெயர்ந்தது முழுக்க ஒவ்வொரு நிப்பிளின் தொண்டையிலும் போய் உட்கார்ந்துவிட்டது.

"அம்மிணி, நின்னா ஆகாது. தீனித் தொட்டில ஊத்தலாமுங்" என்றார் அக்கா.

கூண்டுகளுக்கு முன்னால் தீவனம் போடும் நீளத் தொட்டி இருந்தது. இரண்டு முனையையும் ஈரத் தவிட்டால் அடைத்தோம். மோட்டாரைப் போட்டு ஓஸ் குழாயைத் தொட்டியில் விட்டோம். கூரை மேலும் பக்கவாட்டில் தொங்கும் சாக்குப் படுதா மேலும் தண்ணீரை வாரி இறைத்தோம். முதல் வரிசையில் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

ஒரு கோழி அலகை நனைத்தது. பக்கத்துக் கோழி பார்த்தது. அப்புறம் அந்த வரிசை முழுக்கத் தலைகள் இறங்கின. கோழியால் நம்மைப்போல உறிஞ்ச முடியாது. வாயில் அள்ளி, தலையை மேலே தூக்கித்தான் இறக்கவேண்டும். நூற்றுக்கணக்கான தலைகள் தாழ்ந்து, கண்ணை மூடி, வானத்தைப் பார்த்து நிமிர்ந்தன. மறுபடி தாழ்ந்தன. தண்ணீர் ஓட ஓட அந்த அசைவும் வரிசையோடு போய்க்கொண்டே இருந்தது. நான் வருஷக்கணக்கில் வைத தண்ணீர். கோயிலில்கூட எனக்கு அப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை. ஓஸைப் பிடித்திருந்ததால் கூப்பவும் முடியவில்லை.

ஆனாலும் எழுபத்திரண்டு கோழிகளுக்கு நான் பிந்திவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் வந்து இறங்கியவுடன் வீட்டுக்குள்கூட வராமல் கொட்டகைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் வையட்டும் என்று காத்திருந்தேன். அவர் கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டே போனார். செத்த கோழிகளைக் குழிக்குக் கொண்டுபோகச் சாக்கின் மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தோம். அங்கே போய்க் குந்தினார்.

"புள்ள, இங்க வா."

ஒரு கோழியின் வாலடியில் ஒரு முட்டை கிடந்தது. மத்தியானம் சாகிறபோதோ, செத்த பிறகோ வந்திருக்கவேண்டும். முந்தின நாள் குடித்த தண்ணீரோடு ராத்திரி முழுக்க ஓடு கட்டியிருக்கிறது. காலையில் தொண்டை வறண்டுபோய் நிற்கும்போதும் அந்த வேலையை அது நிறுத்தவில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு விரிசல் இல்லை.

அவர் அதை எடுத்து, பண்ணையில் எல்லோரும் விரிசல் பார்ப்பதுபோல நகத்தால் தட்டிக் காதருகில் வைத்துக் கேட்டார்.

"ஓடு நல்லாக் கட்டியிருக்குது" என்று என் கையில் கொடுத்தார். "ட்ரேல வெச்சிரு."

அதுவரை அழாமல் இருந்த நான், அந்த முட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.