ம்சூசூவா, மாலை வகுப்பா

மாலை வகுப்பில் வாங்குகிற பட்டத்தைப் பொறியாளர் வாரியம் செல்லாது என்று தள்ளிவிடுமாம். அலினாஃபேயிடம் இதைச் சொன்னவன் லிம்பே மினிபஸ் நடத்துநர். அவனுக்கு அவன் மச்சினன் சொன்னானாம். மச்சினனுக்கு யார் சொன்னது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஊருக்கே தெரியும்க்கா, நீங்க உள்ள தள்ளி உக்காருங்க" என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டான்.

வாரியத்துக்குப் போன் செய்தாள். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அன்றிலிருந்து ன்சீமாக் களி கிண்டும்போதும் அவளுக்கு அதே யோசனைதான்.

தேயிலை பொட்டலம் கட்டும் ஆலையில் மின் பராமரிப்பு வேலை அவளுக்கு. சேர்ந்த நாளில் இருந்த அதே ஏணி, அதே டிப்ளமோ. இந்த வருஷம்தான் விண்ணப்பித்த இரண்டு இடத்திலும் மின்பொறியியல் கிடைத்தது. ஒன்று பக்கத்தில், ப்ளான்டயரில். வேலை முடிந்து போய்ப் படிக்கலாம், பிள்ளைகளைப் பிரிய வேண்டாம். ஆனால் ஏழு வருஷம் இழுக்கும், இப்போது இந்தப் புரளி வேறு. இன்னொன்று வடக்கே, ம்சூசூவில். பகல் படிப்பு, அந்தப் பட்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பகல் முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய தூரம், விடுதியில் பிள்ளைகளுக்கு இடமில்லை.

கணவன் லிம்பானி நாட்டு எல்லை தாண்டிப் பெய்ரா துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவன். கிளம்பும்போது டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே, "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய், நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பாவிட்டாலும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இருப்புக்கொள்ளாமல்தான் அந்தத் தப்பு நடந்தது. ம்சூசூ என்று மனசுக்குள் முடிவானதும், எங்கே மறுபடி மாறிவிடுமோ என்று பயந்து, சனிக்கிழமையே பிள்ளைகள் இரண்டு பேரையும் சோம்பாவில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அக்காவிடம் பெரிய பானை கிடையாது. பாய்களோடு தன் ன்சீமாப் பானையையும் மினிபஸ் கூரையில் கட்டச் சொன்னாள்.

படிக்கப் போகிறவள் பெட்டியோடு போகலாம். பானையோடு போகிறவள் என்றால், ஊர்க் கணக்கில் புருஷனை விட்டுப் போகிறவள். அது அவளுக்குத் தெரியாததில்லை, அன்று உறைக்கவில்லை. பஸ் நிலையத்தில் அந்தப் பானையைப் பார்த்தவர் லிம்பானியின் மாமா ம்பேவே.

திங்கட்கிழமை மதியம் ம்பேவேயும், அவளுடைய தாய்மாமா கச்சிங்வேயும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாணத்தில் இரு வீட்டுச் சார்பிலும் கோழி மாற்றிக்கொண்டு, இந்தக் குடித்தனத்துக்குப் பொறுப்பேற்ற மாமன்கள் இவர்கள். அன்று மாலை கல்லூரி அலுவலகம் மூடுவதற்குள் ம்சூசூவுக்குச் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"பானைய எதுக்குடி தூக்கிட்டுப் போன?" என்றார் கச்சிங்வே.

"பிள்ளைங்களுக்குப் பொங்கிப் போட, மாமா. அக்காகிட்ட இருக்கறது சின்னது."

"ஏன், சோம்பாவுல பானையே விக்கறதில்லையா?"

படிப்பு, வாரியம், கெடு எல்லாவற்றையும் சொன்னாள். படிக்கக் கூடாது என்று இருவரும் சொல்லவில்லை. ஆனால் இந்த யோசனையை அவள் கச்சிங்வேயிடம் சொல்லி, அவர் ம்பேவேயிடம் சொல்லி, அவர் லிம்பானியிடம் பேசியிருக்க வேண்டும். இப்போது, பொண்டாட்டி பானையோடு போய்விட்டாள் என்று இன்னொரு டிரைவர் வழியாக அவன் காதுக்குப் போயிருக்கிறது. அக்காவும் காலையிலேயே சொல்லிவிட்டாள்: குடித்தனத்தைக் கெடுத்தவள் என்ற பேர் எனக்கு வேண்டாம், பிள்ளைகளை வந்து கூட்டிக்கொண்டு போ. அக்கா இல்லையென்றால் ம்சூசூவும் இல்லை.

"நான்தான் போகச் சொன்னேன்னு அவன் வாயால ஒரு வார்த்தை வரட்டும். உங்க அக்காகிட்ட நானே பேசறேன். அப்புறம் அந்தப் பானை ம்சூசூவுக்கே போனாலும் சரி" என்றார் ம்பேவே.

கச்சிங்வே குரலைத் தணித்தார். "பேசாம மாலை வகுப்புல சேந்துடேன். யாருக்கும் தொந்தரவில்ல."

"அது செல்லாமப் போச்சுன்னா, மாமா?"

"செல்லாதுன்னு யார் சொன்னா?"



போனை எடுத்து, ம்பேவே கேட்டபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்து லிம்பானியின் எண்ணை அழுத்தினாள். ஞாயிறு முழுக்க, தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற பதிவுக் குரல்தான் வந்தது. இன்று மணி போனது. அப்படியானால் நாட்டு எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டான், திரையில் அவள் பேர் தெரிகிறது. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஓரங்கட்டிவிட்டு எடுக்கலாம். மணி ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். மாமன்கள் இருவரும் அவளைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி போய்க்கொண்டே இருந்தது.