குங்குமம் சுமக்கும் விமானம்

எங்கள் வீட்டுச் சாமி அறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு விமானம் நிற்கிறது. கோயில் விமானம் அல்ல, ஆகாய விமானம். சுத்த வெள்ளி, ஒரு சாண் நீளம், இரண்டு என்ஜின். திருமயம் பக்கத்துப் பிறந்த வீட்டிலிருந்து என் மனைவி சீராகக் கொண்டுவந்த வெள்ளிச் சாமான்களில் அதுவும் ஒன்று. பர்மாவில் கடை வைத்திருந்த அவளுடைய தாத்தா, அவள் 'ஐயா' என்று அழைப்பவர், யுத்தம் முடிந்து ஊர் திரும்பும்போது வாங்கி வந்தாராம். அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் திருநீறு போட்டுத் தேய்த்து, மூக்கில் சந்தனப் பொட்டு வைப்பாள். அதன் வயிற்றில் திறந்து மூடுகிற இரண்டு சின்னக் கதவுகள் உண்டு. உள்ளே குங்குமம். வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் அதிலிருந்து எடுத்துத்தான் நெற்றியில் வைப்பது வழக்கம்.

எனக்கோ எதையும் கவிழ்த்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்கிற ஆள் என்று மனைவி சொல்வாள். ரிட்டயர் ஆன பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. போர் விமானங்களை வெள்ளியில் செய்து சேகரிப்பதற்கென்றே உலகத்தில் ஒரு கூட்டம் இருப்பதைப் போனில் கண்டுபிடித்தேன். எல்லாப் பக்கமும் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பினேன்.

இறக்கையில் ஏதாவது குறி இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்திருந்தாலும் திருநீறு அதை எப்போதோ தேய்த்துத் தின்றிருக்கும். அதனால் எந்த நாட்டு விமானம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. வயிற்றுக் கதவைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. அது குண்டு போடுவதற்கான கதவு.

எங்கள் ஒரே மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்காக சிங்கப்பூர் போகிறாள். அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. அவள் பத்திரமாகப் போய் இறங்க வேண்டும் என்று மனைவி தினமும் விளக்கேற்றுவது இதன் முன்னால்தான். சொன்னால் அவள் மனசு என்ன பாடுபடும்? ஞாயிறு காலையில் குங்குமத்தை மட்டும் கமுக்கமாக ஒரு டப்பாவுக்கு மாற்றினேன்.

மனைவி கண்ணுக்கு எது தப்பும்?

"என்னங்க, குங்குமத்த ஏன் மாத்துனீங்க?"

"அது குண்டு போடுற பிளேன். வயித்துல இருக்கது குண்டு வைக்கிற எடம். பிள்ள மொதமொதல்ல பறக்கப் போறா. அதுலருந்தா எடுத்து வைக்கிறது?"

அவள் அசரவில்லை. "இதக் கண்டுபிடிக்க ஒங்களுக்கு இம்புட்டு நாளா? எங்க ஐயாவோட அண்ணன் ரங்கூன்ல குண்டு விழுந்துதான் செத்தாக. ஐயா தெரிஞ்சேதான் இத வாங்கியாந்தாக."

"தெரிஞ்சுமா சாமி ரூம்ல வச்சீங்க?"

"புத்துக்குப் பால் ஊத்துறது பாம்பு மேல ஆசப்பட்டா?" என்றாள். டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, குங்குமத்தை அந்த வயிற்றுக்குள் விரலால் அமுக்கி நிரப்பினாள். "இத நெறைய வச்சுட்டா வேற எத வைக்க எடமிருக்கும்? எங்க ஐயா சொன்னாக."

அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

மகள் குளித்து உடுத்தி வந்து நின்றாள். குங்குமத்தை நானே எடுத்து அவள் நெற்றியில் வைத்தேன், வழக்கத்தைவிடப் பெரிதாக.